இரண்டு வருட அனுபவம்

நான் எழுதிய முதல் புரோகிராம் ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியது. அது எனக்குத் தெரியவே இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வருடம் படித்தேன். எட்டுப் பேருக்கு இரண்டு கம்ப்யூட்டர். அங்கே சொல்லிக்கொடுத்த மொழிகளில் ஒன்றின் பெயர் கோபால். அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், "எம் மக இப்ப கோபால் படிக்கா" என்று சொல்லப்போக, அந்த அக்கா மெல்லக் குரலைத் தணித்து, "எந்தக் கோபாலு?" என்று கேட்டாராம். அம்மா பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்தார்.

படிப்பு முடிந்த மாதமே வேலை கிடைத்தது. ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்யும் ஒரு மில். தறி, வெளுப்பு, சுற்றுதல், பேக்கிங் என்று நான்கு பகுதி. முதலாளி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் என்ன செய்வது என்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் யோசித்து ஒரு வேலை சொன்னார். அடுத்த வாரம் யார் யார் எந்தப் பகுதியில், எந்த ஷிப்டில் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். கிளார்க் ஒருவர் அதைக் கையால் எழுத ஒரு நாள் ஆகும். அதைக் கம்ப்யூட்டர் எழுத வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து பத்து நாள் வராதவர்களின் பெயரை அதுவே எடுத்துவிட வேண்டும்.

இரண்டு மாதத்தில் எழுதி முடித்தேன். முதல் பட்டியல் பிரிண்டரில் கரகரவென்று இறங்கியபோது தறிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் அதைக் கையில் எடுத்து, தாளின் ஓரத்து ஓட்டைகளைத் தடவிக்கொண்டே, "எம்புட்டு சுத்தமா இருக்கு" என்றார்.

மூன்றாவதோ நான்காவதோ வாரம். செவ்வாய்க்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்கு நடந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்குடன் நின்றிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை நிறுத்தினார்.

"ஏட்டி, நீதான அந்தப் பெட்டியில பேரு போடுத பொண்ணு?"

"ஆமாக்கா."

"எம் பேர எடுத்துட்டியாம்ல. நேத்து வந்தேன், உள்ள விட மாட்டேனுட்டாக. லிஸ்டுல இல்லையாம். நான் ஒரு நாளும் லீவு போட்டதில்ல. என்ன தப்புன்னு சொல்லு, கேட்டுக்கிடுதேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. தன் மேல்தான் ஏதோ தப்பு இருக்கிறது, எதுவென்று தெரியவில்லை என்ற முகம். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். பேக்கிங்கில் இருந்த இவருக்கும் வெளுப்பில் இருந்த இன்னொரு பெண்ணுக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். வெளுப்புக்காரி வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டாள். பத்து நாள் வராத ஆளின் பெயரைத் தேடி எடு என்று நான் எழுதியிருந்தேன். அது தேடிக்கொண்டே வந்து, முதலில் கண்ட பெயரிலேயே நின்று அதை எடுத்துவிட்டது. முதலில் இருந்தது இவர் பெயர்.

நிரந்தர ஆட்களுக்குப் பித்தளை டோக்கன் உண்டு, அதில் நம்பர் உண்டு. பேக்கிங்கிலும் வெளுப்பிலும் இருந்த தினக்கூலிப் பெண்களுக்குப் பெயர் மட்டும்தான். மேனேஜரிடம் போய் என் தப்பு என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "கம்ப்யூட்டர் எப்படிம்மா தப்பு பண்ணும்?" என்றார். கம்ப்யூட்டர் பண்ணவில்லை, நான் பண்ணினேன் என்றேன். அந்தப் பெண்ணை அன்றைக்கே உள்ளே விட்டார்கள். விடுபட்ட நாளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போகவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பேக்கிங்கிலும் வெளுப்பிலும் சுற்றினேன். ஒரே பெயரில் ஆறு பேர் இருந்தால் நீங்கள் எப்படி அடையாளம் சொல்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். சேத்தூர்க்காரி, தளவாய்புரத்துக்காரி, செவத்தவ, ரெட்டைச் சடை, தெலுங்குக்காரி என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அது ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனால் அதை என் புரோகிராமில் ஏற்ற முடியாது. எல்லோருக்கும் டோக்கன் கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன்.

"டோக்கன் குடுத்தா நாளைக்கு நிரந்தரம்னு கேப்பாக," என்றார்.

"அப்ப அட்டையில ஒரு நம்பர் எழுதிக் குடுங்க சார். எனக்கு நம்பர் மட்டும் போதும்."

மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். மஞ்சள் அட்டை, மில் முத்திரை, ஒரு நம்பர். அந்த அக்கா தன் அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டே, "அட்டையா இருந்தா என்ன, நம்பரு நம்பருதான," என்றார்.

அந்த மில்லில் இரண்டு வருடம் இருந்தேன். சரக்குப் பட்டியல், நூல் மூட்டை இருப்பு என்று இன்னும் சில புரோகிராம்கள் எழுதினேன். அதற்கு மேல் எழுத அங்கே ஒன்றும் இல்லை. எனக்கோ கை பரபரத்தது.

கம்ப்யூட்டர் சென்டரில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இருந்தாள். ராஜபாளையத்துப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, மெட்ராஸ். புதன்கிழமைதோறும் ஆங்கிலப் பேப்பரில் வேலை விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். அவள் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மில்லுக்கே வந்துவிடுவாள். ஒரு நாள், "எம்புட்டு நாளுதான் கத்தரிச்சிக்கிட்டே இருக்கது? நான் போறேன். நீ வாரியா?" என்றாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் சான்றிதழ்களையெல்லாம் ஐந்து ஐந்து நகல் எடுத்து, ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்.

செங்கோட்டை ரயிலில் ஏறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினோம். நுங்கம்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில், நான்கு பேர் அறையில் எங்களுக்கு இரண்டு கட்டில். அந்த விடுதியில் பாதிப் பேர் எங்களைப் போலத்தான். புதன்கிழமை காலை மொட்டை மாடியில் ஒரே பேப்பரை ஆறாகப் பிரித்துப் படிப்போம். ஒருத்தி கண்ணில் பட்டதை மற்றவள் குறித்துக்கொள்வாள். பிறகு ஜெராக்ஸ் கடை, தபால் ஆபீஸ், பஸ். நேராக வரச் சொல்லும் இன்டர்வியூ என்றால் காலை எட்டு மணிக்கே கட்டடத்தைச் சுற்றி வரிசை நிற்கும். வெயிலில் நிற்கிற எல்லோர் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கோப்பு. வரிசையிலேயே பழக்கமாகி, யார் எந்தக் கேள்வி கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வோம். முன்னே பின்னே தெரியாத பையன்கள்கூட, உள்ளே போய் வந்ததும் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

ஆனால் எல்லா விளம்பரத்திலும் ஒரு வரி இருந்தது: இரண்டு வருட அனுபவம். எனக்குத்தான் இரண்டு வருடம் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "இது சாஃப்ட்வேர் கம்பெனியா?" என்று கேட்டாள். இல்லை, கட்டுத்துணி மில் என்றேன். "சாரி, சாஃப்ட்வேர் கம்பெனி அனுபவம்தான் வேணும்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இப்படி எத்தனை இடம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் வரிசையில் நின்ற ஒருவர் மூலம் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்ட்டிடம் போனோம். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன். அவர் எங்கள் பயோடேட்டாக்களை வாங்கிப் படித்தார். தோழியிடம் அனுபவமே இல்லை. என்னிடம் மில்.

"இந்த பேண்டேஜ் எல்லாம் எடுத்துடுங்க. பார்த்தா சிரிப்பாங்க. பெங்களூர்ல ஒரு கம்பெனி லெட்டர் தர்றேன், ரெண்டு வருஷம் வேலை பார்த்ததா. எல்லாரும் இதைத்தான் பண்றாங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் முதலில் தலையாட்டினேன். அவளை நான் இழுத்துப் போனேன் என்றோ அவள் என்னை இழுத்துப் போனாள் என்றோ சொல்வதற்கில்லை. மெட்ராஸ் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பு என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தோடு நான் போன முதல் இன்டர்வியூவிலேயே எல்லாம் முடிந்தது. எதிரே இருந்தவர் மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி. கடிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நான் பெங்களூர்தான். இந்தத் தெரு தெரியுமே. உங்க ஆபீஸ் எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் சார்."

"எந்த பஸ் ஸ்டாண்ட்?"

எனக்குத் தெரிந்த பஸ் ஸ்டாண்டெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்தான். அவர் கோப்பை மூடி என் பக்கமாகத் தள்ளிவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினார். "குடிச்சிட்டுப் போங்கம்மா," என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கோடம்பாக்கம் மேம்பாலம் வரை எங்கே நடக்கிறேன் என்று தெரியாமல் நடந்தேன்.

நடந்ததைத் தோழியிடம் சொன்னேன். அவள் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரி. அந்த வாரமே பெங்களூருக்கு ரயில் ஏறி, அந்தத் தெருவை ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். எந்த முனையில் டீக்கடை, எந்த நம்பர் பஸ், எதிரில் என்ன போர்டு என்று எல்லாம் மனப்பாடம். அடுத்த இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிட்டது. விடுதியில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் கண்ணைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். அம்மா வந்து பேசினார்.

"மில்லுலருந்து ஆளு வந்துச்சு. மேனேசரு உன்னைய கேக்காகளாம். நீ போன பொறவு எவனோ கைய வச்சு லிஸ்டு கோணல்மாணலா வருதாம். வந்துருதியா?"

"இன்னும் ஒரு மாசம் பாத்துட்டு வாரேம்மா."

"வந்தாலும் தப்பில்லட்டி. ஒன் இஷ்டம்," என்றார். அதில் வற்புறுத்தல் இல்லை. அதனால்தான் என்னால் யோசிக்க முடிந்தது. எனக்கு நிஜமாகவே ஒரு வேலை தெரியும், அதற்காக ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். அதை நான் எதற்காக மறைத்துக்கொண்டு அலைகிறேன்? அன்று மத்தியானம் உட்கார்ந்து பயோடேட்டாவைத் திரும்ப எழுதினேன். பெங்களூர் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மில்லைப் பற்றி ஒற்றை வரி இருந்த இடத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எத்தனை பகுதி, எத்தனை ஷிப்ட், என்ன பட்டியல், யாருக்காக.

மூன்று வாரம் கழித்து ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். இந்த முறை எதிரே இருந்தவர் ஒரு பெண்மணி. நரைத்த தலை, பருத்திப் புடவை. பயோடேட்டாவைக் கடைசி வரி வரை படித்தார். அதுவரை யாரும் அப்படிப் படித்ததில்லை.

"நீங்க எழுதினதுல மோசமான தப்பு எது?"

கேட்டின் வெளியே தூக்குச்சட்டியோடு நின்ற அக்காவைப் பற்றிச் சொன்னேன். மறைக்காமல், அழகுபடுத்தாமல் சொன்னேன். முடிந்ததும் அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"முதல்ல எப்படி எழுதினீங்க, பிறகு எப்படி மாத்தினீங்க? எழுதிக் காட்டுங்க."

எழுதிக் காட்டினேன். இரண்டாவதில் விரல் வைத்தார்.

"சரி. அட்டை வச்சிருக்கிறவங்க நாளைக்கு நிரந்தரம் ஆகி டோக்கன் வாங்கினா?"

நான் யோசித்தேன். அட்டை நம்பர் ஒன்று, டோக்கன் நம்பர் வேறொன்று. என் புரோகிராமில் ஒரே ஆள் இரண்டு ஆள் ஆகிவிடுவார். இத்தனை நாள் அது என் புத்தியில் தட்டவே இல்லை. "தப்புதான் மேடம். கொஞ்சம் நேரம் கொடுங்க," என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ஆளுக்கும் மாறவே மாறாத ஒரு சொந்த நம்பர், அட்டையும் டோக்கனும் அதோடு சேர்ந்த வெறும் குறிப்புகள் என்று எழுதிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். தாளைப் படித்துவிட்டு, "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"பேக்கிங்லதான் இருக்காங்க மேடம்."

"நல்லது," என்றார். பத்து நாளில் வேலைக் கடிதம் வந்தது.

வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கான வேலை. யாரோ இருபது, இருபத்தைந்து வருடம் முன்னால் கோபாலில் எழுதி வைத்த புரோகிராம்கள். அவற்றில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் குழம்பிப்போகும் என்பதால், வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும். ஊரில் யாருக்கும் வேண்டாததாக இருந்த மொழி மெட்ராஸில் திடீரென்று எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ஒரு ஹாலில் நாற்பது பேர். கரூர், காரைக்குடி, குடியாத்தம் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் கண்டுபிடித்ததை எழுந்து நின்று சொல்வார், மற்றவர்கள் குறித்துக்கொள்வோம். ஏசி குளிரில் முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் வாரம் ஸ்வெட்டர் வாங்கினேன். காலையில் வேலையை ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிப்பதுகூடக் காதில் விழாத நாட்கள் இருந்தன.

தோழியின் விஷயம் அடுத்த வருடம் வெளியே வந்தது. அவள் கம்பெனியில் எல்லோருடைய பழைய வேலையையும் விசாரித்திருக்கிறார்கள். பெங்களூரில் அந்தத் தெருவில் டீக்கடை இருந்தது, பஸ் இருந்தது, அப்படியொரு கம்பெனி மட்டும் இல்லை. ராஜினாமாவை நீயே எழுதிக்கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். வேலையில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ முதல்லயே மாட்டிக்கிட்ட. நல்லதாப் போச்சு," என்றாள்.

"நான் பஸ் ஸ்டாண்ட் பேரு சொல்லத் தெரியாம மாட்டுனேன். தெரிஞ்சிருந்தா நானும் உன்கூடத்தான் இப்படிப் படுத்துக் கெடப்பேன்."

அதைக் கேட்டு அழுகையினூடே சிரித்துவிட்டாள். "எங்க நைனாகிட்ட என்ன சொல்ல?" என்றாள். அப்பாவிடம் நடந்ததைச் சொல் என்றேன். சொன்னாள். அவர், "இண்டிக்கு ரா," வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னாராம்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் நான் மில் மேனேஜருக்குப் போன் போட்டேன். என்னைவிடத் திறமையான ஒருத்தி ராஜபாளையத்திலேயே இருக்கிறாள் என்றேன். ஏன் மெட்ராஸை விட்டு வந்தாள் என்று கேட்டார். அதை அவளே சொல்வாள் என்றேன். அவள் அவரெதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துவிட்டு, "இங்க லெட்டரெல்லாம் கேக்க மாட்டோம். வேலை தெரியுமா?" என்று கேட்டாராம்.

அவள் என் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, மவுஸ் வைத்து அழுத்துகிற மாதிரி புதிதாக எழுதினாள். நான் அவளிடம் சொல்லியிருந்த சொந்த நம்பர் திருத்தத்தோடு, நான் நினைத்தே பார்க்காத பலவும் அதில் இருந்தன. தறிகளின் பழுது, உதிரிப் பாகம், எது எந்த மாதம் உடையும் என்பதுவரை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மில்லில் என்னை உட்காரவைத்துக் காட்டினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பக்கத்து மில்லிலிருந்தும் கேட்டு வந்தார்கள். இரண்டு மில்லுக்கும் எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு வருடம் முடிந்தபோது மறுபடி மெட்ராஸ் வந்தாள். அதற்குள் ஊருக்கு சென்னை என்று பெயர் மாறியிருந்தது. இந்த முறை அவளுடைய கோப்பு கனமாக இருந்தது. மூன்றாவது இன்டர்வியூவில், தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. உள்ளே போன பத்தாவது நிமிடத்திலேயே, தறி எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்குப் படம் போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். முன்னால் நடந்ததையும் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "கேட்டாக, சொன்னேன். எழுதிக்கிட்டாக. பொறவு தறியப் பத்தியே கேட்டாக," என்றாள்.

விடுதி இனி போதும் என்று பழவந்தாங்கலில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, வாசலில் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினோம். அவளுடைய அப்பாவும் எங்கள் அம்மாவும் ஒரே ரயிலில் வந்திருந்தார்கள். அம்மா ஸ்டவ்வை எந்த மூலையில் வைப்பது என்று அரை மணி நேரம் யோசித்தார். அவள் அப்பா ஜன்னல் கதவு சரியாக மூடவில்லை என்று சீவிச் சரி செய்தார். மத்தியானம் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அவர்களை எழும்பூரில் வண்டி ஏற்றிவிட்டோம்.

மறுநாள் காலை எட்டு மணி மின்சார ரயிலில் இரண்டு பேரும் ஏறினோம். பெண்கள் பெட்டியில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, சாயங்காலம் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டு போனோம். கிண்டியில் அவள் இறங்கினாள். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறினாள். எனக்கு இன்னும் நான்கு ஸ்டேஷன் இருந்தது.